தெய்வ முகத்துக்கு ஓர் அளவுகோல்: அழகின் அறிவியலும் இன்றைய திருவுருவ ஓவியமும்

1871-இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் ஒரு கண்காட்சி நடந்தது. ஹான்ஸ் ஹோல்பைன் என்ற பதினாறாம் நூற்றாண்டு ஓவியரின் பெயரில் ஒரே மாதிரியான மரியன்னை ஓவியங்கள் இரண்டு இருந்தன. இரண்டையும் அங்கே கொண்டுவந்து மாட்டினார்கள். எது ஹோல்பைன் கைபட்டது, எது நகல் என்று கலை அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருந்தபோது, குஸ்டாவ் ஃபெக்னர் என்ற அறிவியலாளர் வேறொன்றைக் கேட்டார்: பார்க்கிறவர்களுக்கு எது அழகாகப் படுகிறது? ஓவியங்களுக்குப் பக்கத்தில் ஒரு புத்தகத்தைத் திறந்து வைத்து, வந்தவர்களைத் தங்கள் கருத்தை எழுதச் சொன்னார். பதினோராயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். எழுதியவர்கள் 113 பேர். அவர்களிலும் பலர் கேட்ட கேள்விக்குப் பதில் எழுதவில்லை.

சோதனை தோற்றது. ஆனால் அழகை அளந்து பார்க்கலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் வளர்ந்தது. 1876-இல் ஃபெக்னர் வெளியிட்ட நூல் சோதனை வழி அழகியலுக்கு அடித்தளமானது. (1526-இல் தொடங்கிய அசல், டார்ம்ஸ்டாட்டிலிருந்து வந்த ஓவியம்தான். டிரெஸ்டனிலேயே இருந்தது பதினேழாம் நூற்றாண்டு நகல்.) அழகின் அறிவியல் தன் முதல் பொதுச் சோதனைக்கு ஒரு திருவுருவத்தின் முன்னால் போய் நின்றது என்பதை மனதில் வைத்துக்கொண்டால், இன்றைய ஓவியர்கள் செய்வது புரிந்துவிடும். வழிபாட்டு உருவம் ஒன்றை எடுத்து, அது ஏன் கண்ணை நிறுத்துகிறது என்று அளவு, சமச்சீர், பார்வை, ஒளி எனப் பிரித்துப் பார்க்கிறார்கள். பிறகு அவற்றில் ஏதோ ஒன்றைத் தெரிந்தே மாற்றி வரைகிறார்கள்.

ஒன்றை என்பதுதான் முக்கியம். எல்லாவற்றையும் மாற்றினால் யார் உருவம் என்றே தெரியாது. எதையும் மாற்றாவிட்டால் அது நகல்.

பழைய இலக்கணமே ஓர் அளவியல்தான்

அறிவியல் வெளியிலிருந்து வந்து பக்தி ஓவியத்தில் நுழைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. திருவுருவம் செய்தவர்கள் எப்போதும் அளந்துதான் செய்தார்கள்.

நம் சிற்ப நூல்களின் தாலமானத்தை, அதாவது உருவத்தின் உயரத்தைப் பங்கிடும் அளவு முறையை, எடுத்துக்கொள்ளுங்கள். சிவன், திருமால், பிரமன் ஆகியோருக்கு உத்தம தசதாலம், அதாவது 124 அங்குலம். தேவியருக்கு மத்திம தசதாலம், 120. அதற்கு அடுத்தது அதம தசதாலம், 116. நவதாலம் 108 அங்குலம், பிள்ளையாருக்குப் பஞ்சதாலம் 60. இந்த அங்குலத்தை ஸ்கேலில் உள்ள இஞ்சு என்று எடுத்துக்கொள்வதுதான் புதிதாகப் படிக்கிறவர்கள் செய்யும் முதல் தவறு. இது தேகாங்குலம். நீங்கள் வரையப்போகும் உருவத்தின் மொத்த உயரத்தை 124-ஆல் வகுத்தால் கிடைப்பதே ஓர் அங்குலம். உருவம் 62 சென்டிமீட்டர் என்றால் ஓர் அங்குலம் 5 மில்லிமீட்டர். அதையும் எட்டாகப் பிரித்தால் ஒரு யவை, 0.6 மில்லிமீட்டர் சொச்சம். பென்சில் கோட்டின் தடிமன் அளவு வரை பிரித்துவைத்திருக்கிறார்கள்.

உத்தம தசதாலத்தை இப்படிப் பங்கிடுவார்கள்: உச்சியிலிருந்து முடி எல்லை வரை 4, முகம் 13½, கழுத்து 4, கழுத்திலிருந்து மார்பு 13½, மார்பிலிருந்து தொப்புள் 13½, தொப்புளிலிருந்து குறி 13½, தொடை 27, முழங்கால் 4, கணைக்கால் 27, பாதம் 4. கூட்டிப் பாருங்கள், 124 வரும். முகத்தின் 13½ அங்குலம் மூன்று சம பங்காகிறது: நெற்றி 4½, மூக்கு 4½, மூக்கின் கீழிருந்து மோவாய் வரை 4½. ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியசும் முகத்தை இப்படி மூன்று சம பாகமாகத்தான் பிரித்தார்.

பெயரில் தசம் இருப்பதால் உருவம் பத்துத் தலை உயரம் என்று நினைக்க வேண்டாம். 124-ஐ 13½-ஆல் வகுத்தால் ஒன்பது முகத்துக்குக் கொஞ்சம் மேல். உச்சி முதல் மோவாய் வரையான முழுத் தலையின் அளவு 17½ அங்குலம். அந்தக் கணக்கில் உருவம் ஏழு தலை உயரம்தான்.

பைசாண்டிய ஐகான்களில், அதாவது கிழக்குக் கிறிஸ்தவ மரபின் வழிபாட்டு ஓவியங்களில், அளவுகோல் மூக்கு. கலை வரலாற்றாளர் எர்வின் பனோஃப்ஸ்கி 1921-இல் இதை விளக்கினார். மூக்கின் வேர், அதாவது இரு கண்களுக்கும் நடுவே உள்ள புள்ளிதான் மையம். அங்கிருந்து ஒரு மூக்கு நீள ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால் நெற்றியும் கன்னமும் அதற்குள் அடங்கும். இரண்டு மூக்கு நீளத்தில் போட்டால் தலையின் வெளிக்கோடும் மோவாயின் அடியும் வரும். மூன்று மூக்கு நீளத்து வட்டம் தொண்டைக்குழியைத் தொடும். பெரும்பாலும் அதுவே ஒளிவட்டம். கண்மணிகள் மையத்துக்கும் முதல் வட்டத்துக்கும் சரிபாதியில் உட்காரும்.

சினாய் மலையில் உள்ள புனித கேத்தரின் மடத்தின் ஆறாம் நூற்றாண்டுக் கிறிஸ்து ஐகான், 84 சென்டிமீட்டர் உயரம். முதல் பார்வைக்கு நேர் முகம், சமச்சீர். இடப்பக்கத்தைக் கையால் மறைத்துவிட்டு வலப்பக்கத்தை மட்டும் பாருங்கள்: புருவம் நெரிந்து, கன்னம் நிழலில் கடுமையாக இருக்கும். இப்போது வலப்பக்கத்தை மறைத்தால் சாந்தமான முகம். ஒவ்வொரு பாதியையும் கண்ணாடிப் பிம்பமாக ஒட்டினால் இரண்டு வேறு ஆட்கள் கிடைப்பார்கள். கருணையும் நீதியும் ஒரே முகத்தில் என்று இதை விளக்குவது வழக்கம். வரைகிறவர் கற்க வேண்டியது இதுதான்: சட்டகம் சமச்சீர், உள்ளே இருக்கும் முகம் சமச்சீரல்ல.

அறிவியல் சொல்வதில் எது கைக்கு உதவும்

நிறையச் சொல்லப்படுகிறது, எல்லாம் ஒரே தரமல்ல.

பொன் விகிதத்தை, அதாவது சுமார் 1.618-க்கு 1 என்ற விகிதத்தை, முதலில் ஒதுக்கிவிடலாம். ஃபெக்னர் பத்துச் செவ்வகங்களைக் காட்டியபோது பொன் விகிதத்துக்கு நெருக்கமானதை 35 சதவீதம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். பின்னால் வந்த சோதனைகளில் இந்த விருப்பம் சில சமயம் தெரிந்தது, பல சமயம் தெரியவில்லை. முடிந்த ஓவியத்தின்மேல் சுருள் கோட்டை வைத்து, பார் பொருந்துகிறது என்று காட்டும் படங்கள் எதையும் நிரூபிப்பதில்லை. சுருளை எங்கே தொடங்குவது, எவ்வளவு பெரிதாக்குவது என்று நீங்களே தீர்மானித்தால் எந்தப் படத்திலும் ஏதோ ஒரு இடத்தில் பொருந்தும். வரையும் முன்பே ஒருவர் அந்த விகிதத்தைத் தேர்ந்தெடுத்தால் அது வேறு விஷயம். சால்வடார் டாலி 1955-இல் முடித்த கடைசி இராவுணவு ஓவியம் அப்படிப்பட்டது. திரையின் பக்கங்களே சுமார் 1.6-க்கு 1. மேலே பன்னிரண்டு முகம் கொண்ட பெரிய கனவடிவம் மிதக்கிறது. அங்கே கணிதம் இறையியலின் குறியீடாக நிற்கிறது. அழகுக்கான மருந்தாக அவர் அதைப் போடவில்லை.

சராசரி முகம் பற்றிய முடிவு உறுதியானது. 1990-இல் உளவியலாளர்கள் லாங்லாய்ஸும் ராக்மனும் பல முகப் படங்களைக் கணினியில் ஒன்றுகலந்தார்கள். 16, 32 முகங்கள் கலந்தவை, பெரும்பாலான தனி முகங்களைவிடக் கவர்ச்சியாக மதிப்பிடப்பட்டன. திருவுருவ ஓவியருக்கு இது ஓர் எச்சரிக்கை. கலக்கக் கலக்க முகம் அழகாகும், கூடவே யாருடையதும் அல்லாததாகும். கணினியில் உருவாக்கப்படும் தெய்வப் படங்கள் பல ஒரே அச்சில் வார்த்ததுபோல் இருப்பதைப் பார்த்தால் இது புரியும். தோல் வழவழப்பு கூடும், கண்ணில் ஆள் இருக்கமாட்டார்.

மிகவும் பயனுள்ளது உச்ச நகர்வு என்ற கருத்து. சதுரத்தை விட்டு 3:2 செவ்வகத்துக்குப் போனால் பரிசு என்று ஓர் எலியைப் பழக்குங்கள். பிறகு 4:1 செவ்வகத்தைக் காட்டினால், பழகியதைவிட அதன்பக்கம்தான் அதிகம் போகும். எலி கற்றது அந்தக் குறிப்பிட்ட செவ்வகத்தை அல்ல, செவ்வகத்தன்மையை. நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரனும் வில்லியம் ஹெர்ஸ்டைனும் 1999-இல் எழுதிய கட்டுரையில் இதைக் கலைக்குப் பொருத்தினார்கள். அவர்கள் எடுத்த உதாரணம் சோழர் காலப் பார்வதி செப்புத்திருமேனி. சராசரிப் பெண் உருவம் சராசரி ஆண் உருவத்திலிருந்து எங்கெல்லாம் வேறுபடுகிறதோ, அந்த வேறுபாடுகளைச் சிற்பி கூட்டியிருக்கிறார் என்றார்கள். எல்லாக் கலைக்கும் இது பொருந்தாது என்ற எதிர்ப்பு உண்டு, அது நியாயமானதும்கூட. ஆனால் வரைகிறவருக்குத் திருகிப் பார்க்க ஒரு திருகு கிடைக்கிறது.

நரம்பியல் பக்கம் இன்னும் சுருக்கமாகச் சொல்லலாம். அழகானது என்று ஒருவர் மதிப்பிடும் ஓவியத்தைப் பார்க்கும்போது கண்குழிக்கு மேலே உள்ள முன்மூளைப் பகுதி கூடுதலாக இயங்குகிறது என்று கவபாட்டாவும் செமிர் செக்கியும் 2004-இல் காட்டினார்கள். எங்கே நடக்கிறது என்பதைத்தான் இது சொல்கிறது. எந்தக் கோட்டை எங்கே போடுவது என்பதற்கு இதில் விடை இல்லை.

ஒரு முகத்தை வைத்துச் செய்து பார்ப்போம்

30-க்கு 40 சென்டிமீட்டர் பலகையோ தடித்த தாளோ எடுங்கள். மேல் விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டர் கீழே, அகலத்தின் சரிநடுவில் ஒரு புள்ளி. மூக்கு 4 சென்டிமீட்டர் என்று வையுங்கள். புள்ளியை மையமாக்கி 4, 8, 12 சென்டிமீட்டர் ஆரத்தில் மூன்று வட்டங்கள் போடுங்கள். ஒளிவட்டம் மேலும் பக்கங்களிலும் 3 சென்டிமீட்டர் இடம் விட்டு நிற்கும். தோளுக்கும் மார்புக்கும் கீழே 13 சென்டிமீட்டர் மிஞ்சும். கண்மணிகள் மையத்திலிருந்து இருபுறமும் 2 சென்டிமீட்டரில்.

இப்போது கவனியுங்கள். கண்மணிகளுக்கு இடையே 4 சென்டிமீட்டர், மூக்கும் 4. விகிதம் 1. வயதுவந்த மனிதருக்குக் கண்மணி இடைவெளி சராசரியாக 63 மில்லிமீட்டர், மூக்கு சுமார் 50. விகிதம் 0.8 அளவு. ஆக, ஐகானின் நீண்ட மூக்கே ஓர் உச்ச நகர்வுதான். சாதாரண முகத்திலிருந்து 0.2 தள்ளி நிற்கிறது. அந்த 0.2-தான் உங்கள் திருகு. அதை முழுதும் எடுத்துவிட்டால் மூக்கு 3.2 சென்டிமீட்டர், தெருவில் எதிரே வரக்கூடிய ஒருவர். பாதி வைத்தால் 3.6. இலக்கணப்படி 4. கால் பங்கு கூட்டினால் 4.2, இரட்டிப்பாக்கினால் 4.8.

வட்டங்களையும் கண்களின் இடத்தையும் தொடாமல், மூக்கை மட்டும் இந்த ஐந்து அளவிலும் ஐந்து தாள்களில் வரையுங்கள். வரிசையாக வைத்துப் பார்த்தால் 3.6-இல் முகம் நெருங்கி வருவதும், 4.2-இல் விலகி உயர்வதும், 4.8-இல் கேலிச்சித்திரம் எட்டிப் பார்ப்பதும் தெரியும். எங்கே நிறுத்துவது என்பது உங்கள் முடிவு. அந்த முடிவை எதற்காக எடுத்தீர்கள் என்று சொல்ல முடிந்தால், நீங்கள் மறுகற்பனை செய்யத் தொடங்கிவிட்டீர்கள்.

மூக்கு ஓர் உதாரணம்தான். வங்காள ஓவியர் யாமினி ராய் கிறிஸ்துவை வரைந்தபோது நாட்டுப்புற ஓவியத்தின் பாதாம்பருப்பு வடிவக் கண்ணும் தடித்த வெளிக்கோடும் கொண்டுவந்தார். நேர்நின்ற தோற்றத்தின் அமைதி போகவில்லை. ஆண்டி வார்ஹோல் 1962-இல் தங்க நிறப் பரப்பின் நடுவே மர்லின் மன்றோவின் சிறிய முகத்தை வைத்தார். ஐகானின் பின்னணி இருக்கிறது, ஆள்தான் மாறியது. கெஹிண்டே வைலி தங்க இலைப் பின்னணியில் இன்றைய கறுப்பின இளைஞர்களை நிறுத்தினார். எஃப். என். சூசா 1959-இல் வரைந்த சிலுவைப்பாடு எதிர்த்திசையில் போகிறது. முள்ளாய்க் குத்தும் கறுப்புக் கோடுகள்; அழகை வேண்டாம் என்று தள்ளுவதே அவர் திருகிய திருகு. கைகளும் தலையும் சிலுவைக்குரிய இடத்தில் இருப்பதால்தான் அந்த மறுப்பு நம்மைத் தைக்கிறது.

எங்கே கெடுகிறது

அதிகம் கெடுவது கண்ணில். பெரிய கண் தெய்வீகம் என்று நினைத்துக் கண்ணைப் பெரிதாக்குவார்கள், கூடவே மூக்கும் மோவாயும் சிறுத்துப்போகும். பெரிய கண், உயர்ந்த நெற்றி, சிறிய மோவாய் மூன்றும் சேர்ந்தால் மூளை அதைக் குழந்தை என்று படிக்கிறது. விலங்கு நடத்தை அறிஞர் கொன்ராட் லோரென்ஸ் 1943-இலேயே இந்தக் குழந்தை அமைப்பை விவரித்தார். பாலகிருஷ்ணனுக்கு அது பொருந்தும். மகிஷனை வதைத்த துர்க்கைக்கு அதே முகத்தைக் கொடுத்தால் கையில் சூலம் இருந்தும் பயம் வராது. கண்ணைப் பெரிதாக்கினால் மோவாயையும் மூக்கையும் அளவில் பிடித்து வையுங்கள். மேல் இமை கருவிழியின் உச்சியைக் கொஞ்சமாவது மூடியிருக்கட்டும். கருவிழி முழு வட்டமாகத் தெரிந்தால் திடுக்கிட்ட முகமாகிவிடும்.

அடுத்தது ஒளி. ஐகானிலும் பழைய சுவரோவியங்களிலும் விளக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாது. முகமே ஒளிர்வதுபோல் இருக்கும். ஐகான் முறையில் முதலில் பச்சை கலந்த அடர் பழுப்பை முகம் முழுக்கப் பூசி, அதன்மேல் காவி நிறத்தை மூன்று நான்கு முறை, ஒவ்வொரு முறையும் இன்னும் வெளிறியதாகவும் இன்னும் சிறிய இடத்திலும் ஏற்றுவார்கள். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்குப் போகும் முறை இது. புகைப்படத்தைப் பார்த்து வரைகிறவர் ஒரு பக்க வெளிச்சத்தையும் மூக்கின் நிழலையும் அப்படியே கொண்டுவந்துவிடுவார். நிழல் விழுந்ததும் அந்த முகம் ஓர் அறையில், ஒரு வேளையில் அகப்பட்டுக்கொள்கிறது. வேடமிட்ட நடிகர் தெரிகிறார். ரவி வர்மா எண்ணெய் வண்ணத்தில் இந்த ஒளியைத் தெரிந்தே கொண்டுவந்தார். 1894-இல் தொடங்கிய அவருடைய அச்சகம் அதை வீடுகளுக்குள் கொண்டுபோனது. தெய்வங்கள் நம்மோடு ஒரே அறையில் நிற்பதுதான் நோக்கம் என்றால் அது சரியான தேர்வு. தெரியாமல் நேர்ந்தால் அது பிழை.

கண்ணாடிச் சமச்சீர் இன்னொரு பொறி. கணினியில் பாதி முகத்தை வரைந்து மறுபாதியைப் புரட்டி ஒட்டுவது சுலபம். விளைவு முகமூடி. புரட்டினாலும் ஒரு புருவத்தை ஒரு மில்லிமீட்டர் உயர்த்துங்கள், உதட்டின் ஒரு ஓரத்தைக் கொஞ்சம் ஆழமாக்குங்கள்.

அடையாளங்களில் கைவைக்கும்போது நிதானம் வேண்டும். எந்தக் கையில் சங்கு, எந்தக் கையில் சக்கரம், அபய முத்திரை எந்தப் பக்கம், கிறிஸ்துவின் ஒளிவட்டத்துக்குள் சிலுவை உண்டா என்பவை அலங்காரமல்ல, அவைதான் பெயர். முகத்தை எவ்வளவு புதிதாக வரைந்தாலும் இவை நின்றால் கும்பிடுகிறவர் அடையாளம் கண்டுகொள்வார். இவற்றை அறியாமல் மாற்றினால் அவர் புண்படுவார். அந்தக் கோபத்தில் நியாயம் உண்டு, ஏனென்றால் வரைந்தவர் படிக்காமல் வரைந்திருக்கிறார்.

பொருளிலும் கொஞ்சம். முட்டை மஞ்சள் கருவில் வண்ணம் குழைத்தால், கருவின் மேல்தோலைக் குத்தி உள்ளிருப்பதை மட்டும் எடுத்து, அதே அளவு தண்ணீர் சேருங்கள். கரு கூடினால் பளபளத்து உரியும். குறைந்தால் காய்ந்தபின் விரலில் பொடியாக வரும். மடங்கும் துணியில் இதைப் பூசினால் விரிசல் விடும், அதனால்தான் பலகை. பலகைக்குச் சுண்ணமும் பசையும் கலந்த வெள்ளைப் பூச்சு எட்டுப் பத்து முறை மெல்லியதாக. மேல் பூச்சில் பசை கூடினால் அது காயும்போது அடிப்பூச்சை இழுத்து வெடிக்கவைக்கும். தங்க இலையை வண்ணத்துக்கு முன்பே ஒட்டிவிடுங்கள். முட்டை வண்ணம் பூசிய பிறகு ஒட்டினால், இலை வண்ணத்தின்மேல் வேண்டாத இடமெல்லாம் ஒட்டிக்கொள்ளும்.

சோதித்துப் பார்ப்பது

ஃபெக்னரின் புத்தகம் தோற்ற காரணம் இன்றும் உதவும். வந்தவர்களுக்கு எது அசல் என்ற சண்டை முன்பே காதில் விழுந்திருந்தது; கேள்வியும் நீண்ட எழுத்தைக் கேட்டது. ஆகவே, உங்கள் இரண்டு வடிவங்களைப் பத்துப் பேரிடம் தனித்தனியாகக் காட்டுங்கள். எது பழையது, எது உங்களுக்குப் பிடித்தது என்று சொல்லாதீர்கள். ஐந்து பேருக்கு முதலாவது இடப்பக்கம், ஐந்து பேருக்கு வலப்பக்கம். ஒரே கேள்வி: எதன் முன்னால் அதிக நேரம் நிற்பீர்கள்? அழகானது எது என்று கேட்டால் விளம்பர முகத்தைக் காட்டிவிடுவார்கள்.

பத்தில் ஆறு பேர் ஒன்றைச் சொன்னால் மகிழ வேண்டாம். நாணயம் சுண்டினாலும் பத்துக்கு ஆறோ அதற்கு மேலோ தலை விழ 38 சதவீத வாய்ப்பு உண்டு. ஒன்பது பேர் சொன்னால் கணக்கில் எடுக்கலாம். அது தற்செயலாக நேர வாய்ப்பு 1 சதவீதம்தான். பிறகு இரண்டையும் இரண்டு மீட்டர் தள்ளி வைத்துக் கண்ணைச் சுருக்கிப் பாருங்கள். நிறம் மங்கி, வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரியும். தலை, ஒளிவட்டம், கை மூன்றும் அப்போதும் பிரிந்து தெரிய வேண்டும். தங்கத்தின்மேல் வெளிறிய முகம் இங்கேதான் கரைந்துபோகும். வெளிக்கோட்டைக் கருஞ்சிவப்பில் ஒரு மில்லிமீட்டர் கூட்டினால் திரும்பி வரும்.

கண்மணியைக் கடைசியில் வையுங்கள், இரண்டையும் ஒரே அமர்வில், ஒரே தூரிகையில். ஒன்றை முடித்துவிட்டு மறுநாள் மற்றதை வைத்தால் பார்வை இரண்டு திசையில் பிரியும். கண்மணிக்குள் வெள்ளைப் புள்ளி போடும் பழக்கம் புகைப்படத்துக்கு வெகு முன்பே ஓவியத்தில் உண்டு. அது ஜன்னல் போன்ற ஓர் ஒளியின் பிரதிபலிப்பு. புள்ளி இல்லாமல் ஒரு தாளில், புள்ளியோடு ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துப் பாருங்கள். புள்ளி உள்ள கண் எங்கோ பார்க்கும். இல்லாத கண் உங்களைப் பார்க்கும்.